மருத்துவக் கவனக்குறைவு வழக்கு: மருத்துவர் தரப்பு நடைமுறை (இந்தியா)

மருத்துவக் கவனக்குறைவு வழக்கு என்பது, சிகிச்சையின்போது மருத்துவர் காட்ட வேண்டிய நியாயமான கவனத்தைக் காட்டத் தவறியதால் தீங்கு நேர்ந்தது என்று கூறி நோயாளியோ அவருடைய குடும்பத்தினரோ தொடரும் வழக்கு ஆகும். இந்தியாவில் இத்தகைய புகார் நுகர்வோர் ஆணையம், உரிமையியல் நீதிமன்றம், குற்றவியல் நீதிமன்றம், மாநில மருத்துவக் கவுன்சில் ஆகிய நான்கு இடங்களில் எழலாம். புகாருக்கு உள்ளான மருத்துவருக்கு நுகர்வோர் ஆணைய வழக்கு எவ்வாறு தொடங்குகிறது, எந்தெந்தக் கட்டங்களைக் கடக்கிறது, எவ்வாறு முடிகிறது என்பதை இக்கட்டுரை முதன்மையாக விளக்குகிறது. மற்ற வழிகள் இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

சிகிச்சை தோல்வியடைந்தால் மருத்துவர் பொறுப்பாளி என்று நோயாளிகள் பலர் எண்ணுகின்றனர். மனசாட்சிப்படி சிகிச்சை அளித்திருந்தால் போதும் என்று மருத்துவர்கள் பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டுமே வழக்கின் அளவுகோல் ஆகா. அதே சூழ்நிலையில் சராசரித் திறனுள்ள ஒரு மருத்துவர் காட்டியிருக்கக்கூடிய கவனம் காட்டப்பட்டதா, அதற்குச் சிகிச்சையின்போதே எழுதப்பட்ட சான்று உள்ளதா என்பதையே ஆணையம் ஆராய்கிறது.

சட்டப் பின்னணி

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களுக்குப் பொருந்துமா என்ற ஐயம் தொடக்க ஆண்டுகளில் இருந்தது. "இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா" வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று அளித்த தீர்ப்பு அந்த ஐயத்தைத் தீர்த்தது. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை இச்சட்டத்தின்கீழ் வரும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு விலக்கு உண்டு. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் புகார் அளிக்கலாம்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம் ஆகும். இதில் "சேவை" என்பதன் வரையறையில் மருத்துவம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எனினும் அதனால் மருத்துவச் சேவை விலக்கப்பட்டதாகாது என்பது 2022இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று.

கவனக்குறைவு என்பதற்கான அளவுகோல்

புகார்தாரர் மூன்றை நிறுவ வேண்டும். மருத்துவருக்கு அந்த நோயாளியிடம் கடமை இருந்தது. அந்தக் கடமையிலிருந்து மருத்துவர் தவறினார். அந்தத் தவற்றால்தான் தீங்கு நேர்ந்தது. இவற்றுள் ஒன்று நிறுவப்படாவிட்டாலும் புகார் நிற்காது.

கடமையின் எல்லையை உச்ச நீதிமன்றம் 1968இலேயே வகுத்துள்ளது. நோயாளியை ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்வதிலும், எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வதிலும், அச்சிகிச்சையை அளிப்பதிலும் மருத்துவர் கவனம் காட்ட வேண்டும். அந்தக் கவனம் எந்த அளவினதாக இருக்க வேண்டும் என்பதற்கு, இங்கிலாந்தில் 1957இல் தீர்க்கப்பட்ட போலம் வழக்கின் அளவுகோல் இந்தியாவிலும் ஏற்கப்பட்டுள்ளது. துறையின் தலைசிறந்த நிபுணரின் திறன் எதிர்பார்க்கப்படுவதில்லை. அத்துறையில் பயிற்சி பெற்ற சராசரி மருத்துவரின் திறன் போதும். இரண்டு சிகிச்சை முறைகள் ஏற்கப்பட்டிருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தது தவறாகாது.

எடுத்துக்காட்டாக, துளைவழி அறுவை முறையில் பித்தப்பை அகற்றப்படும்போது பித்த நாளம் காயமடையக்கூடும். இது மருத்துவ நூல்களில் குறிக்கப்பட்ட, அறியப்பட்ட சிக்கல். ஆகவே நாளம் காயமடைந்தது என்பது மட்டும் கவனக்குறைவுக்குச் சான்றாகாது. ஆனால் மறுநாளிலிருந்து நோயாளிக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் இருந்தும் ஸ்கேன் எடுக்காமல் ஐந்து நாட்கள் கழிந்திருந்தால், கேள்வி அந்த ஐந்து நாட்களைப் பற்றியதாக மாறும். பல வழக்குகளில் முடிவைத் தீர்மானிப்பது சிக்கல் நேர்ந்த நொடி அன்று. அதன்பின் மருத்துவர் எப்போது கவனித்தார், என்ன செய்தார் என்பதே.

சில நிகழ்வுகளில் நிகழ்வே சான்றாகிவிடும். அறுவையின்போது வயிற்றுக்குள் துணி விட்டுவிடப்பட்ட ஒரு வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தியது. அத்தகைய வழக்கில் தாம் கவனக்குறைவாக இல்லை என்று விளக்கும் சுமை மருத்துவர் பக்கம் வந்துவிடுகிறது.

வழக்குக்கு முந்தைய கட்டம்

வழக்கின் முதல் அறிகுறி பெரும்பாலும் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டு வரும் கடிதமாகவோ வக்கீல் நோட்டீசாகவோ இருக்கும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பாமலேயே ஆணையத்தில் புகார் அளிக்கவும் இயலும். நோட்டீஸ் வந்தால், அதில் கூறப்பட்ட நிகழ்வுகளுக்குப் பதில் அனுப்புவதே வழக்கம். இந்தப் பதில் பின்னர் ஆணையத்தில் ஆவணமாகத் தாக்கலாகக்கூடும் என்பதால், பதிவேடுகளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவது ஆபத்தானது. பதிலில் ஒரு தேதியும் கேஸ் ஷீட்டில் வேறொரு தேதியும் இருந்தால், அந்த முரண் இறுதி வாதம் வரை மருத்துவரைத் தொடரும்.

இக்கட்டத்தில் மருத்துவர் செய்ய வேண்டிய மற்றொன்று, தொழில்சார் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் உடனே தெரிவிப்பது. தாமதமாகத் தெரிவிப்பதும், நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டு எழுதுவதும், காப்பீட்டுத் தொகை மறுக்கப்படக் காரணமாகலாம்.

பல புகார்களில் மருத்துவமனையும் மருத்துவரும் சேர்ந்தே எதிர்தரப்பினராகச் சேர்க்கப்படுகின்றனர். இருவரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. செவிலியர் பற்றாக்குறையோ பழுதான கருவியோ தீங்குக்குக் காரணம் என்று மருத்துவர் கருதினால், அவருக்குத் தனி வழக்கறிஞர் தேவைப்படும்.

புகார் ஏற்கப்படுதல்

நிகழ்வு நடந்து, அதாவது வழக்குக்கான காரணம் எழுந்து, 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம். எந்த ஆணையம் என்பதை நோயாளி செலுத்திய கட்டணம் தீர்மானிக்கிறது. கேட்கப்படும் இழப்பீட்டுத் தொகை அன்று. 2021இன் இறுதியில் வந்த விதிகளின்படி 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையமும், அதற்கும் மேல் தேசிய ஆணையமும் விசாரிக்கும். மருத்துவக் கட்டணம் 50 லட்சத்தைத் தாண்டுவது அரிது என்பதால், கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்கும் புகாரும் பெரும்பாலும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலுள்ள ஆணையத்திலும் புகார் அளிக்கலாம். அதனால் சென்னையில் சிகிச்சை அளித்த மருத்துவர் திருநெல்வேலி ஆணையத்துக்குப் பதில் சொல்ல நேரலாம்.

புகாரை ஏற்பதா என்பதை ஆணையம் சாதாரணமாக 21 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். புகார்தாரரைக் கேட்காமல் அதைத் தள்ளுபடி செய்ய இயலாது. ஏற்கப்பட்ட பின்னரே மருத்துவருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். புகார் ஏற்கப்பட்டது என்பதற்கு மருத்துவர் தவறு செய்தார் என்பது பொருள் அன்று. விசாரிக்கத் தகுந்த புகார் என்பது மட்டுமே பொருள்.

45 நாள் எல்லை

மருத்துவர் தமது எழுத்துமூலப் பதிலுரையை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாட்கள் தரலாம். இந்த 45 நாட்களுக்கு மேல் ஒரு நாளும் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. புகாரின் நகலுடன் அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து இக்காலம் கணக்கிடப்படும். ஆகவே அறிவிப்பு வந்த உறையையும் அது கிடைத்த தேதியையும் பாதுகாத்து வைப்பது அவசியம்.

அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் விடும் மருத்துவர் மீது ஒருதலைப்பட்சமாக வழக்கு நடந்து முடியும். தான் பிறப்பித்த ஒருதலைப்பட்ச ஆணையை மாவட்ட ஆணையமே பின்னர் நீக்கிவிட இயலாது. மருத்துவர் மேல்முறையீட்டுக்குத்தான் செல்ல வேண்டும். வலுவான எதிர்வாதம் இருந்தும், அதைச் சொல்லும் வாய்ப்பைக் காலத்தால் இழப்பது இவ்வழக்குகளில் தவிர்க்கக்கூடிய பெரிய இழப்பாகும்.

பதிலுரை

பதிலுரையில் புகாரின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் கூறப்படும். மறுக்கப்படாத செய்தி ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படக்கூடும். முதலில் சட்ட ஆட்சேபங்கள் இடம்பெறும்: காலவரம்பு கடந்தது, ஆணையத்துக்கு அதிகார வரம்பு இல்லை, சேவை முற்றிலும் இலவசமானது என்பவை போன்றவை. அடுத்து, நோயாளி வந்த நாள் முதல் வெளியேறிய நாள் வரை நடந்தவை தேதி, நேர வரிசையில் தரப்படும்.

மருத்துவத் தரப்பு எதிர்வாதங்களில் முக்கியமானவை வருமாறு:

- அளித்த சிகிச்சை துறையில் ஏற்கப்பட்ட முறை.
- நேர்ந்தது அறியப்பட்ட சிக்கல். அது முன்னரே நோயாளிக்கு விளக்கப்பட்டது.
- சிக்கல் தோன்றியதும் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது.
- தீங்குக்குக் காரணம் நோயின் இயல்பு அல்லது வேறு நோய்.
- நோயாளி மருந்தைப் பாதியில் நிறுத்தினார், மறுபரிசோதனைக்கு வரவில்லை, அல்லது மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார்.

பதிலுரையுடன் கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் குறிப்பேடு, ஆய்வக அறிக்கைகள், ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை இணைக்கப்படும். தமிழ்நாட்டு ஆணையங்களில் புகார்தாரரின் ஆவணங்கள் 'ஏ' வரிசையிலும் எதிர்தரப்பின் ஆவணங்கள் 'பி' வரிசையிலும் எண்ணிடப்படுவது வழக்கம்.

மருத்துவப் பதிவேடுகளின் இடம்

2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்தால் 3 ஆண்டுகள் கடந்தும் பதிவேட்டைக் காப்பதே அறிவுடைமை. பதிவேட்டைத் தர மறுப்பதையே ஒரு குறைபாடாகவும், மறைக்க ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளமாகவும் ஆணையங்கள் கொள்வதுண்டு.

பதிவேட்டில் இல்லாத செய்தியை வாய்மொழியாக நிறுவுவது கடினம். இதற்குச் சென்னையில் நடந்த ஒரு நிகழ்வு தெளிவான சான்று. 1996இல் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை, குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய விழித்திரை நோயால் பார்வையை இழந்தது. உரிய வாரங்களில் கண் பரிசோதனை செய்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்நோய் பற்றிய எச்சரிக்கையும் இல்லை, கண் பரிசோதனைக்கான அறிவுரையும் இல்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட இழப்பீட்டை வழங்கியது. அந்தத் தாளில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டு, பெற்றோருக்கு விளக்கப்பட்டிருந்தால் குழந்தையின் பார்வைக்கும் வாய்ப்பு இருந்திருக்கும், வழக்கும் எழுந்திராது.

வழக்கு வந்தபின் பதிவேட்டைத் திருத்துவது மிகப் பெரிய தவறு. நகல் ஏற்கெனவே நோயாளியிடம் இருக்கலாம். மைவேறுபாடும் இடைச்செருகலும் எளிதில் வெளிப்படும். அதன்பின் உண்மையான குறிப்புகளையும் ஆணையம் நம்பாது. விடுபட்ட செய்தியைச் சேர்க்க நேர்ந்தால், சேர்த்த தேதியும் கையொப்பமும் இட்டுத் தனிக் குறிப்பாகவே எழுத வேண்டும்.

ஒப்புதல்

திறமையாகச் செய்யப்பட்ட அறுவையும் ஒப்புதல் இல்லையெனில் குறைபாடாகும். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், நோய் அறியும் உள்நோக்குப் பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் அளித்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையும் சூலகங்களும், அவருடைய தாயிடம் கேட்டுக்கொண்டு அகற்றப்பட்டன. பரிசோதனைக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கு அளித்த ஒப்புதல் ஆகாது என்றும், வயது வந்த, தெளிந்த அறிவுள்ள நோயாளிக்குப் பதிலாக மற்றவர் ஒப்புதல் தர இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. உயிர் காக்கும் அவசரம் மட்டுமே இதற்கு விலக்கு. சிகிச்சையின் தன்மை, அதன் இடர்கள், மாற்று வழிகள், சிகிச்சை பெறாவிட்டால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கியிருக்க வேண்டும். அச்சிட்ட படிவத்தில் பெற்ற வெறும் கையொப்பம் போதுமானதாகக் கருதப்படுவதில்லை.

சான்றும் நிபுணர் கருத்தும்

நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் எழுத்து வழியே நடக்கிறது. இரு தரப்பினரும் தங்கள் வாக்குமூலத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வர். எதிர்தரப்பை வினவ விரும்புவோர் எழுத்து மூலம் வினாப்பட்டியல் அளிப்பதும், தேவையெனில் நேரிலோ காணொலி வழியாகவோ விசாரிக்க அனுமதி கேட்பதும் உண்டு.

ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமா என்பது விவாதத்துக்கு உள்ளானது. நிபுணர் கருத்தைப் பெற்ற பின்னரே மருத்துவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று கூறியது. 2010இல் மற்றோர் அமர்வு, அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதி ஆகாது என்றும், சிக்கலான வழக்குகளில் மட்டும் நிபுணர் கருத்து தேவை என்றும் தெளிவுபடுத்தியது. தேவைப்படும்போது ஆணையம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவக் குழுவிடம் கருத்துக் கேட்பதுண்டு. அக்கருத்து ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. காரணம் கூறாமல் முடிவை மட்டும் சொல்லும் நிபுணர் கருத்துக்கு மதிப்புக் குறைவு. மருத்துவர் தம் தரப்பில் தரமான பாடநூல்களின் பகுதிகளையும் சிகிச்சை வழிகாட்டிகளையும் தாக்கல் செய்யலாம். அவை நிகழ்வு நடந்த காலத்தில் வழக்கில் இருந்தவையாக இருக்க வேண்டும்.

சமரசம்

புதிய சட்டம் ஆணையத்துடன் இணைந்த சமரச மையங்களுக்கு வழி செய்துள்ளது. எனினும் கொடுங்காயமோ மரணமோ விளைந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை அங்கே அனுப்ப 2020ஆம் ஆண்டின் சமரச விதிகள் இடம் தரவில்லை. அதைவிடச் சிறிய தீங்குகள் பற்றிய புகார்கள், இரு தரப்பும் இசைந்தால் சமரசத்துக்குச் செல்லலாம்.

ஆணையும் மேல்முறையீடும்

அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 3 மாதங்களுக்குள் புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் வழக்குகள் பல ஆண்டுகள் நீள்கின்றன. கொல்கத்தாவில் பெற்ற சிகிச்சைக்குப் பின் 1998இல் நேர்ந்த ஒரு மரணம் பற்றிய வழக்கில் இறுதி இழப்பீடு 2013இல்தான் முடிவாயிற்று. வட்டி நீங்கலாகவே அது சுமார் 6 கோடி ரூபாய்.

கவனக்குறைவு நிறுவப்பட்டால் சிகிச்சைச் செலவு, எதிர்காலச் செலவு, இழந்த வருமானம், மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவை கணக்கிடப்படும். தம்மிடம் பணிபுரிந்த மருத்துவரின் தவற்றுக்கு மருத்துவமனையும் பொறுப்பாகும். ஆணையை நிறைவேற்றாதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மாவட்ட ஆணையத்தின் ஆணைமீது 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மாநில ஆணையம் முதல் விசாரணையில் பிறப்பித்த ஆணைமீது 30 நாட்களுக்குள் தேசிய ஆணையத்துக்கும், தேசிய ஆணையம் அவ்வாறு பிறப்பித்த ஆணைமீது 30 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லலாம். ஒவ்வொரு படியிலும் மேல்முறையீடு செய்யும் மருத்துவர், செலுத்த ஆணையிடப்பட்ட தொகையில் 50 விழுக்காட்டை முன்னதாகச் செலுத்த வேண்டும்.

குற்றவியல் வழக்கு

மரணம் நேர்ந்தால் காவல் நிலையத்திலும் புகார் எழலாம். "ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம்" வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்ட் 5 அன்று வகுத்த நெறிகள் இங்கே முக்கியமானவை. குற்றவியல் பொறுப்புக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது. மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி நடவடிக்கை எடுக்கும் முன், அத்துறை சார்ந்த சார்பற்ற மருத்துவரின், இயன்றால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும். குற்றச்சாட்டு எழுந்தது என்பதற்காக மட்டும் மருத்துவரை வழக்கமான முறையில் கைது செய்யக்கூடாது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்குப் பொதுவாக 5 ஆண்டு வரை சிறை உண்டு. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது இதைச் செய்திருந்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். குற்றவியல் வழக்கின் அளவுகோல் வேறு என்பதால், அதில் விடுதலை பெற்ற மருத்துவர் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு தர நேரலாம்.

மருத்துவக் கவுன்சில் விசாரணை

மருத்துவர் பதிவு செய்துள்ள மாநிலக் கவுன்சிலிலும், எடுத்துக்காட்டாகத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், புகார் அளிக்கலாம். இது தொழில் ஒழுக்கம் பற்றிய விசாரணை. கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். நோயாளிக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் இதற்கு இல்லை. ஒரே நிகழ்வுக்காக ஆணையம், காவல்துறை, கவுன்சில் ஆகிய மூன்றிலும் பதில் சொல்ல நேரும்போது, மூன்று இடங்களிலும் மருத்துவர் கூறுவது ஒன்றாக இருக்க வேண்டும்.

நோயாளிக்கும் பயன்படும் செய்தி

பதிவேடும் ஒப்புதலும் விளக்கமும் மருத்துவரைக் காக்கும் கருவிகளாக மட்டும் பார்க்கப்படுவதுண்டு. பித்தப்பை அறுவை எடுத்துக்காட்டில், காய்ச்சலையும் வலியையும் நேரத்துடன் குறித்து வைக்கும் குறிப்பேடே அடுத்த பணிநேர மருத்துவரை எச்சரித்து, ஸ்கேன் எடுக்கச் செய்யும். தேவையான அறிவுரை எழுதப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரி நோயாளியை மறுபரிசோதனைக்கு அழைத்து வரும். நோயாளியும் குடும்பத்தினரும் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெறுவதற்கு உரிமை பெற்றவர்கள். தீங்கு நேர்ந்தபின் ஆணையத்தில் மருத்துவருக்குத் துணை நிற்கும் அதே தாள், முன்னதாக நோயாளிக்குத் தீங்கு நேராமல் தடுத்திருக்கக்கூடிய தாளும் ஆகும்.